வைகாசித் தேரன்று வந்த அழைப்பு

மகனே,

இதை வேலைக்குப் போகிற அவசரத்தில் பிரித்துப் படிக்காதே. லீவு நாளில் தனியாக உட்கார்ந்து படி. போனில் சொல்ல முடியாததைத்தான் எழுதுகிறேன். போனில் என்றால் நான் பாதி சொல்லும்போதே நீ "சரிப்பா, வச்சிர்றேன்" என்று வைத்துவிடுவாய். இல்லாவிட்டால் நானே பயந்துபோய் மழையைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவேன். பத்து வருடமாக நாம் இரண்டு பேரும் மழையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

போன வெள்ளிக்கிழமை மருமகள் பேசினாள். நீ வேலைக்குப் போகும் வரை காத்திருந்து பேசியிருக்கிறாள். குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்துவிட்டது, இன்னும் எந்தக் கோயில் வாசலுக்கும் கொண்டுபோகவில்லை என்று அவளுக்கு மனக்குறை. "மாமா, நம்ம தோட்டத்துக் கோயில்லதான் புள்ளைய மொதல்ல கொண்டுபோய் வைக்கணும்னு எனக்கு ஆசை. அவரு வரவே மாட்டேங்கிறாரு. நீங்க ஒரு நல்ல நாளாப் பாத்துச் சொல்லுங்க. நீங்க குறிச்சுக் குடுத்தா தட்டமாட்டாரு" என்றாள். அவள் கொழும்புப் பக்கம் வத்தளையில் பிறந்து வளர்ந்தவள். நீ ஏன் கோயிலுக்குள் கால் வைப்பதில்லை என்று அவளுக்கு முழுதாகத் தெரியாது. அம்மா போனதிலிருந்து அப்படித்தான் என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறாய் போலிருக்கிறது. பார்த்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பஞ்சாங்கத்தை எடுத்தேன். மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேனே தவிர, திறக்கவில்லை. உனக்கு நாள் குறித்துக் கொடுக்கத் தகுதியில்லாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அவள் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அம்மனுக்கு எல்லா வெள்ளியும் நல்லதுதான். ஆடி வெள்ளியும் ஆடிப்பூரமும் அதைவிட விசேஷம். முருகனுக்குத் தைப்பூசம், கார்த்திகை. பிள்ளையாருக்குச் சதுர்த்தி. சிவனுக்குப் பிரதோஷம், பொழுது சாய்வதற்கு முன்னாலேயே போய்விட வேண்டும். கைக்குழந்தையை முதன்முதலாகக் கொண்டுபோவதென்றால் வளர்பிறையாகப் பார்த்து, அஷ்டமி நவமியையும் கரிநாளையும் தள்ளி, குழந்தையின் நட்சத்திரத்துக்கு ஒத்துவருகிறதா என்றும் பார்க்க வேண்டும். ராகு காலத்தில் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது. இதெல்லாம் எனக்கு மனப்பாடம். ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் டிவிசன் கோயிலுக்குப் பன்னிரண்டு வருடம் தலைவராக இருந்தவன் நான். பூசாரிக்கே சந்தேகம் வந்தால் என்னிடம்தான் ஆள் அனுப்புவார். பெண் பார்ப்பதற்கும், மாட்டுக்கொட்டில் போடுவதற்கும், கொழும்புக்கு வேலைக்குப் போவதற்கும் லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் என்னிடம் நாள் கேட்டார்கள். எனக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. அந்தப் பெருமையைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

உன் அம்மாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் பிடிபடவில்லை. பிரதோஷம் என்றைக்கு என்று என்னிடம் கேட்பாள், சொன்னாலும் மறந்துவிடுவாள். அன்றைக்குக் கொழுந்து அதிகமாக இருந்தால் மலையிலிருந்து இறங்கவே இருட்டிவிடும், பிரதோஷம் முடிந்திருக்கும். மறுநாள் போய் நிற்பாள். நான் சிரிப்பேன். உனக்கு ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சை முடிவு வந்த நாள் நினைவிருக்கிறதா? ஒரு செவ்வாய்க்கிழமை. நீ பாஸ் என்று யாரோ மலைக்குப் போய்ச் சொல்லியிருக்கிறார்கள். அவள் கங்காணியிடம் சொல்லிக்கொண்டு, முதுகில் கூடையோடு, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கோடு நேரே கோயிலடிக்கு வந்துவிட்டாள். நடை சாத்தியிருந்தது. நேரம் மூன்றரை. நான் அங்கே பந்தல் கம்பு எண்ணிக்கொண்டிருந்தேன். "குளிக்காம கொள்ளாம, ராகு காலத்துல, அட்டக் கடி ரத்தத்தோட இங்க வந்து நிக்கிறியே, ஒனக்குக் கொஞ்சமாவது அறிவு இருக்கா" என்று நாலு பேருக்கு முன்னால் கத்தினேன். சாத்திய கதவைப் பார்த்துக் கையெடுத்தாள். "உள்ள வரல்லங்க. சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்" என்றாள். திரும்பவும் மலைக்கு ஏறிப் போனாள். அவள் ஏறிப் போனதை நீ பார்க்கவில்லை. நான் பார்த்தேன். பார்த்தும் அன்றைக்கு எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

உனக்குப் பத்தொன்பது வயதான வருடத்துத் திருவிழாவுக்கு வருகிறேன். வழக்கம்போல வைகாசிப் பௌர்ணமிக்குத் தேர் வருகிற மாதிரி காப்புக் கட்டினோம். காப்புக் கட்டிக்கொண்டவன் தேர் முடிகிற வரைக்கும் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது, ஆஸ்பத்திரிக்கோ சாவு வீட்டுக்கோ போகக் கூடாது என்று உனக்குத் தெரியும். தலைவன் என்பதால் முதல் காப்பு என் கையில். அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. லயத்துப் படி நாலு ஏறினால் நின்றுவிடுவாள். கால் வீங்கியிருந்தது. "பதுளைக்குப் போய்க் காட்டிட்டு வரட்டுங்களா" என்று ஒருநாள் கேட்டாள். "திருவிழா முடியட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்" என்றேன். தேருக்கு மூன்று நாள் இருக்கும்போது தண்ணீர்ப் பீலியடியில் மயங்கி விழுந்து, நீயும் உன் சின்னம்மாவும்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள். இருதயம் பலவீனமாகி நெஞ்சில் நீர் சேர்ந்திருக்கிறது என்றார்கள். அவளைச் சேர்த்துவிட்டு வந்த அன்று மாலைதான் நீ பூசாரி முன்னால் போய் நின்று, அம்மாவுக்குச் சுகமாக வேண்டும், முதுகில் கொக்கி ஏற்றிச் செடில் குத்திக் காவடி எடுக்கிறேன் என்று நேர்ந்து காப்புக் கட்டிக்கொண்டாய். நான் சொல்லி நீ அதைச் செய்யவில்லை. ஆனால் எனக்கு நெஞ்சு நிறைந்துபோனது என்பதை மறைக்க மாட்டேன்.

இனிச் சொல்வதை நீ இதுவரை அறியமாட்டாய். தேரன்று காலை பத்து மணிக்குக் கோயிலுக்குப் பின்னால் பாறை மேல் நின்றுகொண்டிருந்தேன். அங்கேதான் கொஞ்சம் சிக்னல் கிடைக்கும். ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்த உன் சின்னம்மா கூப்பிட்டாள். "மாமா, டாக்டர் ஒங்களயும் தம்பியயும் வரச் சொல்றாரு. தாமசிக்காதீங்கன்னு சொல்றாரு. அக்கா அவனத்தான் கேக்குது. இப்பவே கெளம்புங்க" என்றாள். தெளிவாகக் கேட்டது. ஒரு சொல் விடாமல் கேட்டது. அன்று மாலை உன்னிடம் "இப்பத்தான் போன் வந்துச்சு, காலையிலேருந்து லைன் இல்ல" என்று சொன்னேனே, அது பொய்.

போனைப் பையில் போட்டுக்கொண்டு ஓடையடிக்கு இறங்கினேன். உன்னைக் கூப்பிடத்தான் இறங்கினேன் என்று சொன்னால் நம்புவாயா? நீ ஈர வேட்டியோடு குனிந்து நின்றாய். முதுகில் கொக்கி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு அம்மா, அம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தாய். எந்த அம்மாவைச் சொல்கிறாய் என்று எனக்குத் தெரியும். பூசாரியைத் தனியே கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "கெளம்புங்க தலைவரே. ஒங்க காப்பையும் புள்ள காப்பையும் நானே கழட்டிர்றேன். கொக்கி குத்துனது குத்துனதுதான், எடுத்துட்டுத் துண்ணூறு பூசிருவோம். தேர நாங்க இழுத்துக்குவோம். பெத்தவ கூப்புடுறா, இவ கோவிச்சுக்க மாட்டா" என்று கோயில் பக்கம் கையைக் காட்டினார்.

அவர் போகச் சொல்லிவிட்டார், மகனே. அம்மனுக்குப் பூசை செய்கிற மனிதரே போகச் சொல்லிவிட்டார். நான்தான் போகவில்லை. "நேர்த்தியப் பாதியில விட்டா அவளுக்கு ஏதாவது ஆயிரும், மொதல்ல முடிக்கட்டும்" என்று அவரிடம் சொன்னேன். அதில் பாதி உண்மை இருந்தது. அப்படி நினைக்கவும் செய்தேன். மீதியை இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். மேல் டிவிசன், கீழ் டிவிசன், ஃபேக்டரி லயம் என்று எல்லாச் சனமும் வந்து நிற்கிறது. கொழும்பில் வேலை செய்கிற பிள்ளைகளெல்லாம் வந்திருக்கிறார்கள். நான் போய் அங்கே அவளுக்கு ஒன்று ஆகிவிட்டால் தீட்டு என்று தேர் நிற்கும். என் தலைமையில் தேர் நின்றது என்று காலாகாலத்துக்கும் சொல்வார்கள். அந்த நேரத்தில் என் மனதில் ஓடியது இதுதான். உன் அம்மா கட்டிலில் படுத்துக்கொண்டு உன்னைக் கேட்கிற நேரத்தில், தேர் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. சின்னம்மா பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் கூப்பிட்டாள். எடுக்கவில்லை. அதற்குப் பிறகு போனை அணைத்துவிட்டேன்.

தேர் எல்லா லயத்தையும் சுற்றி நிலைக்கு வர ஐந்து மணியானது. மழை வரவில்லை, அச்சு முறியவில்லை, ஒரு சண்டை இல்லை. அப்படி ஒரு தேர் அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. போனைப் போட்டுச் சின்னம்மாவைக் கூப்பிட்டேன். அவள் ஒரே ஒரு வரிதான் சொன்னாள்: "மூணே முக்காலுக்குப் போயிருச்சு மாமா." உன் கொக்கிகளை எடுத்து முடித்திருந்தார்கள். உன் பக்கத்தில் வந்து, அம்மாவுக்குக் கொஞ்சம் முடியவில்லையாம், வரச் சொல்கிறார்கள் என்றேன். அவள் இல்லை என்று தெரிந்த பிறகும் அப்படித்தான் சொன்னேன். நீ வாழையிலைத் துண்டில் விபூதியை மடித்துக்கொண்டாய். அம்மன் தீர்த்தத்தை ஒரு சோடாப் போத்தலில் பிடித்துக்கொண்டாய். சட்டைகூடப் போடவில்லை, துண்டைப் போர்த்திக்கொண்டு ஆட்டோவில் ஏறினாய்.

அன்றைக்கு வெசாக், புத்தருக்குரிய பௌர்ணமி. பதுளைக்கு இறங்கும் ரோட்டில் வீட்டுக்கு வீடு காகித விளக்குக் கூடு கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். ரோட்டை அடைத்துச் சனம். அன்னதானம் கொடுக்கிற பையன்கள் வண்டிகளை நிறுத்திக் கோப்பையில் குடிக்கக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். உன் முதுகில் ரத்தமும் விபூதியுமாக இருந்ததைப் பார்த்துவிட்டு ஒருவன் "பொன்ன மல்லி", குடி தம்பி, என்று சிங்களத்தில் சொல்லி இரண்டு கோப்பை கொடுத்தான். காலையிலிருந்து விரதம் இருந்தவன் நீ, இரண்டையும் குடித்தாய். பிறகு போத்தலை மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, "அப்பா, காவடி எறக்கும்போது எனக்கு ஒடம்பெல்லாம் லேசாயிருச்சு. அம்மா எழும்பிரும் பாருங்க" என்றாய். நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரப் பயணத்தில் உன்னிடம் உண்மையைச் சொல்ல எனக்கு எத்தனையோ திருப்பங்கள் இருந்தன. ஒவ்வொரு திருப்பத்திலும் அடுத்த திருப்பத்தில் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன். வார்டு வாசலில் சின்னம்மா அழுதுகொண்டு நின்றதைப் பார்த்துத்தான் உனக்குத் தெரிந்தது. நீ உள்ளே போய், கொண்டுவந்த விபூதியை அவள் நெற்றியில் பூசினாய். தீர்த்தத்தை என்ன செய்வதென்று தெரியாமல் போத்தலோடு நின்றாய். இந்தப் பத்து வருடத்தில் நான் கண்ணை மூடினால் வருவது நீ அப்படி நின்ற நிலைதான்.

சின்னம்மா என்னைத் தனியே இழுத்து "ஏன் மாமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அவளே சொன்னாள். உன் அம்மாவுக்கு மத்தியானம் வரைக்கும் நினைவு இருந்ததாம். நாம் வந்துகொண்டிருக்கிறோம் என்று சின்னம்மா சொல்லிவைத்திருக்கிறாள். "தலய வாரி விடு. பொட்டு வச்சு விடு. இப்பிடிப் பாத்தா புள்ள பயந்துரும்" என்று கேட்டு, வாரிக்கொண்டு, வாசலைப் பார்த்தபடி சாய்ந்திருந்தாளாம். ஆள் நடக்கிற சத்தம் கேட்கும்போதெல்லாம் "வந்துட்டானா?" என்றாளாம். சின்னம்மா இதை உன்னிடம் சொல்லவில்லை. "அவனுக்குத் தெரிய வேணாம். அவனுக்கு இனி நீங்க ஒருத்தர்தான் மிச்சம்" என்று எனக்காக வாயைக் கட்டிக்கொண்டாள். இந்தப் பாவத்தில் அவளுக்குப் பங்கில்லை. அவள் மேல் கோபப்படாதே.

கருமாதி முடிந்த மறுநாள் நீ பையைக் கட்டிக்கொண்டு கொழும்புக்குப் புறப்பட்டாய். கோயிலில் ஒரு சூடம் கொளுத்திவிட்டுப் போ என்றேன். நீ நின்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்: "முதுகக் குடுத்தேன்ப்பா. ஒன்னே ஒன்னுதான் கேட்டேன். அதையும் தரல்ல. கடைசியா மொகத்தப் பாக்கக்கூட விடல்ல. இனி எனக்கு அந்த அம்மன் வேணாம்." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பார்க்க விடாதது அவள் இல்லையடா, நான் என்று அங்கேயே சொல்லியிருந்தால் நீ என்னை அடித்திருப்பாய். இல்லை, இந்தப் பக்கமே திரும்பாமல் போயிருப்பாய். ஆனால் உனக்கு ஒரு கோயிலாவது மிஞ்சியிருக்கும். நான் சொல்லவில்லை. உன் கோபம் என் மேல் விழாமல் அம்மன் மேல் விழுந்ததில் எனக்கு ஒரு நிம்மதிகூட இருந்தது.

தலைவர் பொறுப்பை அந்த வருடமே விட்டுவிட்டேன். மனைவி போன துக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். தேர் லயத்துப் பக்கம் வரும்போது வாசலில் நின்று கும்பிடுவதோடு சரி, நடைக்குள் போனதில்லை. போன மார்கழியில் பூசாரி படுக்கையில் கிடந்தார், பார்க்கப் போனேன். மற்றவர்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, "புள்ளைக்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். "நீங்க செஞ்சதுக்கு அம்மன் பேரக் கெடுத்து வச்சிருக்கீங்க" என்றார். பொங்கலுக்கு முன்னால் போய்விட்டார். மருமகள் போன் பண்ணும் வரைக்கும் அந்த வார்த்தையையும் விழுங்கிக்கொண்டுதான் இருந்தேன்.

இனி உனக்கு நான் புத்தி சொல்வது சரியா தெரியவில்லை. தகப்பன் என்பதால் ஒன்றிரண்டு சொல்கிறேன். உன் மகளுக்கு நல்ல நாள் பார், தப்பில்லை. வெள்ளிக்கிழமையும் விளக்கும் பண்டிகையும் இல்லாமல் மனிதன் எப்படி ஒரு வருடத்தைக் கடப்பது? மாதம் முழுக்க மலையில் நின்ற கால்களுக்கு ஒரு தைப்பூசம் வேண்டியிருக்கிறது. ஆனால் வீட்டில் ஒருவர் முடியவில்லை என்று சொன்னால், அன்றைக்கு எது விசேஷமாக இருந்தாலும் விட்டுவிட்டுக் கிளம்பு. கூப்பிடுகிற குரலைக் கேட்டால் போ. நாள் மறுபடியும் வரும். உன் அம்மா குளிக்காமல் கூடையோடு வந்து நின்ற அந்தச் செவ்வாய்க்கிழமை மாதிரி ஒரு நல்ல நாள் என் பஞ்சாங்கத்தில் ஒருபோதும் வந்ததில்லை. அதை அறிந்துகொள்ள நான் அவளையே கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

காவடி எடுத்தும் அம்மன் உனக்கு ஒன்றும் செய்யவில்லை என்று நினைத்துக்கொண்டிருக்காதே. காலை பத்து மணிக்கே செய்தி வந்தது. காப்பைக் கழற்றிவிட்டுப் போகச் சொல்லி ஆளும் நின்றது. உன்னிடம் வந்து சேரவிடாமல் நடுவில் நின்றவன் நான். நம்பிக்கை இல்லாவிட்டால் சின்னம்மாவிடம் கேள். கோபத்தை அம்மனிடமிருந்து எடுத்து என் மேல் வை. அது இருக்க வேண்டிய இடம் இதுதான். மன்னித்துவிடு என்று கேட்க மாட்டேன். நான் கேட்டிருந்தால் அதைத் தரக்கூடிய இடத்தில் இருந்தவள் உன் அம்மா ஒருத்திதான்.

எந்த நாள் தோதுப்படுகிறதோ அன்றைக்குக் குழந்தையைக் கொண்டுவா. பூசாரியின் மகன்தான் இப்போது பூசை செய்கிறான். காலையில் ஆறரைக்கு நடை திறப்பான். மற்ற நேரத்தில் வந்தாலும் கூப்பிட்டால் வருவான். பனி அதிகம், குழந்தைக்குத் தலையை மூடிக் கொண்டுவரச் சொல். வரும் நாளை மட்டும் மருமகளிடம் சொல்லி எனக்குத் தெரியப்படுத்து. நான் இருக்க வேண்டாம் என்று நீ நினைத்தால், அதையும் அவளிடமே ஒரு வார்த்தை சொல்லிவிடு. காரணம் கேட்க மாட்டேன். முதல் நாளே பண்டாரவளைக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போய்விடுகிறேன். வீட்டைக் கூட்டி, வெந்நீர் வைக்க விறகு உடைத்து வைத்துவிட்டுப் போகிறேன். சாவி பக்கத்து வீட்டில் இருக்கும். அவசரமில்லாமல் இருந்துவிட்டு, குழந்தையைத் தூங்க வைத்துவிட்டு, ஆறுதலாகப் புறப்படுங்கள். நீங்கள் பதுளையில் ரயில் ஏறிவிட்டீர்கள் என்று மருமகள் சொன்ன பிறகுதான் நான் அங்கே பஸ் ஏறுவேன்.

அப்பா